வார்டில் நான் வாயை மூடிய பத்து விநாடி

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்த சமயம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியின் பெண்கள் வார்டில் நடந்தது இது. கல்லூரியின் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் பொது மருத்துவப் பேராசிரியை. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மாணவர்கள் என்னைப் பார்த்து நடுங்குவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். காலையில் என் கார் உள்ளே நுழைந்ததும் வார்டில் நிற்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் "கூண்டு ஏத்தியாச்சு" என்று செய்தி அனுப்பிக்கொள்வார்களாம். குளச்சலில் புயல் வந்தால் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அந்தக் கூண்டு. இதை யாரோ என் காதில் போட்டபோது நான் வருத்தப்படவில்லை. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நான் படித்த காலத்தில் என் பேராசிரியர் கேஸ் ஷீட்டைத் தூக்கி என் முகத்தில் எறிந்திருக்கிறார். அழுதுகொண்டே பொறுக்கி எடுத்து, திருத்தி எழுதி, டாக்டர் ஆனேன். திட்டு வாங்காமல் யாரும் டாக்டராக முடியாது என்பது என் கட்சி.

அப்படிப்பட்ட என் மேஜைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் வார்டில் நோயாளிகளிடமிருந்து பாடம் கற்கும் சூழலை மேம்படுத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்.

கேன்டீனில் அன்று முழுக்க இதே பேச்சு. இருபது, முப்பது வருடம் பாடம் நடத்தியவர்களுக்குப் பாடம் நடத்த யாரோ வரப்போகிறார்கள். "இனிமே பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுத்துட்டுத்தான் கேள்வி கேக்கணும் போலுக்கு" என்று நான் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் நெருங்கிய தோழி, அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியை, அவள் மட்டும் "போய்த்தான் பாப்பமே" என்றாள்.

பயிற்சி தந்தவர் ஒரு பெண் டாக்டர். நாற்பது வயதுகூட இருக்காது. எங்களில் பலருக்குத் தங்கை வயது. குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் காலையில் அவர் படம் போட்டுப் பாடம் நடத்தவில்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவரை அழைத்து வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். நானும் ஆரல்வாய்மொழிக்காரிதான். அந்தக் காற்றாடிகளைத் தினமும் பார்த்துப் பார்த்து, அவை கண்ணில் படுவதே நின்றுபோய்விட்டது. இவர் நமக்கு என்ன சொல்லப் போகிறார் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவர் கொஞ்ச நேரம்தான் பேசினார். கோபுரத்தின் மேலே ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் இடுப்பில் வார் கட்டி, கொக்கி மாட்டுவார்கள். அந்தக் கொக்கியை அவரவரே சரிபார்க்கக் கூடாது. கூட வருகிறவர்தான் பார்க்க வேண்டும்.

"எனக்க கொக்கியை நேத்து வேலைக்குச் சேந்தவன் பாப்பான். அவன் 'சரியில்ல'ன்னு சொன்னா நான் ஏறமாட்டேன். அவனுக்குத் தப்பா தெரிஞ்சிருந்தாலும் சரி, ஒதுங்கி நின்னு இன்னொரு வாட்டி பாப்பேன். அவனை நான் ஒருநாள் அதட்டினா, மறுநாள் அவன் சொல்லமாட்டான். அந்த மறுநாள்தான் எனக்குக் கடைசி நாளா இருக்கும்" என்றார்.

அவர் போன பிறகு பயிற்சியாளர் எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வார்டில் நீங்கள் தவறான வழியில் போனால், உங்களை நிறுத்தக்கூடிய ஆள் யார்?

நான்தான் முதலில் பேசினேன். என்னிடம் முதுகலை படிக்கும் மாணவர்கள், அதாவது பி.ஜி.க்கள், இருக்கிறார்கள், அவர்கள் சொல்வார்கள் என்றேன். கடைசியாக எப்போது சொன்னார்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்படியானால் நான் தவறே செய்யவில்லை என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் நாள், கேள்வி கேட்பது பற்றி. வார்டில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று அவர் கேட்டார். பிறகு, இப்போது பத்து விநாடி எல்லோரும் சும்மா இருங்கள், அது எவ்வளவு நேரம் என்று தெரியும் என்றார். முப்பது பேராசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். நான்காவது விநாடியில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஏழாவது விநாடியில் ஒருவர் செல்போனை எடுத்துவிட்டார். என்னால் தாங்கவே முடியவில்லை, கால் தானாக ஆடியது.

கடைசியில் ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் ரவுண்ட்ஸ் போகும்போது மற்றவர் கூட நின்று கவனித்து எழுத வேண்டும். அறிவுரை சொல்லக் கூடாது, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நானும் என் தோழியும் ஜோடி சேர்ந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை அவள் என் வார்டுக்கு வந்தாள், கையில் ஒரு சின்ன நோட்டு, செல்போனில் விநாடி பார்க்கும் கடிகாரம்.

அன்று வார்டில் ஒரு புதிய நோயாளி. நாற்பது வயதுப் பெண், குலசேகரம் பக்கத்திலிருந்து வந்தவர், ரப்பர் தோட்டத்தில் வேலை. ஐந்து நாளாகக் கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்கு பரிசோதனையில் லேசான பாசிட்டிவ். முந்தைய நாள் அவரைப் பார்த்துக் குறிப்பு எழுதிய பி.ஜி. வேறு மாவட்டத்துப் பையன். "காய்ச்சல், தலைவலி, சளி" என்று எழுதியிருந்தான். மழை ஓய்ந்த சமயம், ஊரெல்லாம் டெங்கு. நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன், நாடித் துடிப்பைப் பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். டெங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். இன்னும் இருபத்தைந்து பேர் பாக்கி இருந்தார்கள்.

மதியம் கேன்டீனில் சாயாவும் பழம்பொரியும் முன்னால் வைத்துக்கொண்டு தோழி நோட்டைத் திறந்தாள்.

"ஏட்டி, நீ கேள்வி கேட்டுட்டு மூச்சு விடக்குள்ள நீயே பதிலையும் சொல்லிருதே. ஒரு கேள்விக்குக்கூட நீ மூணு செகண்ட் பொறுக்கல" என்றாள்.

"அதுகளுக்குப் பதில் தெரியாதுட்டி. பொறுத்து என்ன செய்ய?"

"இரி, இன்னும் இருக்கு. ஒரு பிள்ளை 'மேடம்'னு ஆரம்பிச்சா. நீ 'நான் உன்கிட்ட கேட்டேனா?'ன்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டே."

"யாரு?"

"பின்னால நிப்பாள்லா, ஒல்லியா, கண்ணாடி போட்டவ."

எனக்கு நினைவே இல்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே தோன்றவில்லை. அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பதால் "இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பழம்பொரியை எடுத்துக் கடித்தேன். அந்தப் பிள்ளை யார் என்று மட்டும் தெரிந்தது. இறுதியாண்டு மாணவி. மேற்குப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய அருமனைக்கு அப்பால். பேசினால் பாதி மலையாளம் கலந்திருக்கும், ராகம் போட்டு வரும். ஒருமுறை அவள் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது எல்லோர் முன்னாலும் "முதலில் தமிழை ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள், பிறகு மருத்துவம் படிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் பின்வரிசைக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ரப்பர் தோட்டத்துப் பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்ஸிஜன் வைத்தோம். கல்லீரல் பரிசோதனையும் சரியில்லை. டெங்குவில் இப்படி ஆவது உண்டு, ஆனாலும் எனக்குள் ஏதோ நெருடியது. மாலையில் வார்டு வாசலில் அவருடைய கணவர் நின்றார். மனைவியின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்திருந்தார்.

"டாக்டரம்மா, இவ பிழைச்சுக்கிடுவாளா?"

சரியாகிவிடும், டெங்குதான் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மணியைப் பார்த்தேன். அவர் பேசாமல் தலையை ஆட்டினார்.

புதன்கிழமை காலை நான் போனபோது அந்தப் பெண்ணுக்குச் சுயநினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் முனகுகிறார். மூச்சு வேகமாக ஓடியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் சொல்லியாயிற்று, தள்ளுவண்டி வந்துகொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி பி.ஜி., எட்டு மாணவர்கள், தலைமாட்டில் நர்ஸ்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அன்று நான் கேட்ட கேள்வியைத் திருந்திவிட்ட ஆசிரியையாகக் கேட்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் வீட்டுப்பாடம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

"இந்த அம்மா விஷயத்துல நாம எதையாவது விட்டுட்டோமா? யாருக்கு என்ன தெரிஞ்சாலும் சொல்லலாம்" என்றேன்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஆக்ஸிஜன் குமிழிடும் சத்தம். நான்கு, ஐந்து. எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஏதோ புதுவிதத் தண்டனை, முதலில் வாயைத் திறப்பவன் தொலைந்தான் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஆறு. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஏழு, எட்டு. தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி நெருங்கி வந்தது. ஒன்பது.

"மேடம்... செள்ளு."

பின்வரிசையிலிருந்து வந்தது குரல்.

"என்ன?" என்றேன். பழக்க தோஷம், சாட்டை மாதிரி வந்துவிட்டது. அந்தக் கண்ணாடிப் பெண் அரையடி பின்னால் போனாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். மூன்று வருவதற்குள் அவள் பேசினாள். பயத்தில் அவளுக்குச் சொந்தப் பேச்சே வந்துவிட்டது.

"மேடம், அவங்க சளின்னு சொல்லல. செள்ளுன்னு சொன்னாங்க. உண்ணி போல உள்ள பூச்சிக்கு எங்க பக்கத்துல செள்ளுன்னாக்கும் சொல்லுவோம். ரப்பர் தோட்டத்துல காடு வெட்டப் போனப்போ கடிச்சிருக்கு. இடது மாருக்க அடியில கறுப்பா ஒரு பொருக்கு இருக்கு மேடம். நான் கண்டேன்."

நான் திரையை இழுக்கச் சொன்னேன். உள்ளே நானும் அவளும் நர்ஸும் மட்டும். மார்பின் மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன்.

இருந்தது. பீடி நெருப்பால் சுட்டது போல் வட்டமாக, கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. புதர்களில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது. ஸ்க்ரப் டைஃபஸ் என்போம். இதை நான் வகுப்பில் வருடா வருடம் நடத்துகிறேன். டெங்கு பரிசோதனை சில நேரம் ஏமாற்றும், நம் மாவட்டத்தில் மழைக்குப் பின் காய்ச்சலோடு வருகிறவரைத் தலை முதல் கால் வரை பாருங்கள், மடிப்புகளைப் பாருங்கள், பொருக்கைத் தேடுங்கள் என்று கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்பவள் நான். என் வார்டில், என் கண் முன்னால், மூன்று நாள் அது இருந்திருக்கிறது.

கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கான மருந்து அபூர்வமானது அல்ல. எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதுதான். அடுத்த சில நிமிடங்களில் ஏற்றிவிட்டோம். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். தள்ளுவண்டி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது. அதன் பிறகுதான் எனக்கு மற்றது கேட்கத் தோன்றியது.

"நீ இதை எப்போ பாத்தே?"

"திங்கக்கிழமை காலையில மேடம். ரவுண்ட்ஸுக்கு முன்னால."

திங்கட்கிழமை. அவள் 'மேடம்' என்று ஆரம்பித்ததும், நான் 'உன்கிட்ட கேட்டேனா' என்றதும் இந்தக் கட்டிலின் அருகில்தான்.

பி.ஜி. முகம் வெளுத்து நின்றான். "என்கிட்டயும் சொன்னா மேடம். நான்தான்... நீங்க டெங்குன்னு எழுதிட்டீங்க. நீங்க பாக்காமலா எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன். உங்ககிட்ட மறுபடி வந்து கேக்க எனக்குத் தைரியம் வரல" என்றான்.

நர்ஸ் மெதுவாகச் சொன்னார். "நேத்து உடம்பு தொடைக்கும்போ நானும் கண்டேன் மேடம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அந்த மாணவிக்குத் தெரியும். பி.ஜி.க்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். பூச்சி கடித்ததை வந்த முதல் நாளே சொன்ன அந்த அம்மாவுக்குத் தெரியும். செருப்புக் கவரோடு நின்ற அவர் கணவருக்கும் தெரிந்திருக்கும், அதைத்தான் சொல்ல வாயெடுத்திருப்பார். அந்த வார்டிலேயே தெரியாத ஒரே ஆள், எல்லோருக்கும் கற்பிக்க வந்த நான்தான்.

அன்று எத்தனை முறை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன் என்று தெரியாது. புதன் இரவு காய்ச்சல் அப்படியே நின்றது. ஒரு நாள் தாமதமாகிவிட்டதோ, இரண்டு நாள் தாமதமாகிவிட்டதோ என்று உள்ளம் அடித்துக்கொண்டது. அந்த மருந்து நேரத்தில் போனால் அற்புதம் செய்யும். தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் காய்ச்சல் ஒரு படி இறங்கியது. மாலையில் இன்னொரு படி. வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய ஆக்ஸிஜன் குழாய் மட்டும். நர்ஸிடம் பாலில்லாத கட்டன் சாயா கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக நோயாளிகள் பிழைப்பதைப் பார்க்கிறேன். அன்று முதல்முறை பார்ப்பது போல வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அந்த மாணவி எனக்கு முன்பே வந்து கட்டில் அருகில் நின்றிருந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே ராகம், ஒரே சொற்கள். நான் ஒழுங்கில்லாத தமிழ் என்று சொன்ன பேச்சு. அன்று அதை முழுசாகக் கேட்டேன். அழகாக இருந்தது.

என்னைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தார். நான் தோளைத் தொட்டு உட்காரவைத்தேன். இந்த முறை நான் எதுவும் கேட்காமல் காத்திருந்தேன். அவரே சொன்னார்.

"இந்தப் பிள்ளையாக்கும் தெனமும் சாயங்காலம் கிளாஸ் முடிச்சு வந்து எனக்க கிட்ட இருந்தது. டாக்டரம்மா வரும்போ செள்ளு கடிச்சதை நீங்களே ஒருக்கா சொல்லுங்கோன்னு சொல்லித் தந்துது. பூச்சி கடிச்சுதுன்னு சொன்னா அவங்களுக்கு மனசிலாவும்னு அந்த வார்த்தையும் சொல்லித் தந்துது."

"பின்ன ஏன் நீங்க சொல்லல?"

அவர் சிரித்தார். கூச்சமான சிரிப்பு.

"உங்களைக் கண்டா எனக்கும் பேடியாக்கும்."

பேடி என்றால் பயம். அந்தச் சொல்லுக்கு எனக்கு யாரும் பொருள் சொல்லத் தேவையிருக்கவில்லை. சாவின் விளிம்பில் கிடந்த ஒருத்தி, என்னைக் காப்பாற்று என்று சொல்ல வேண்டிய இடத்தில், என்னைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்திருக்கிறாள். நான் மாணவர்களுக்கு வைத்திருந்த பயம் மாணவர்களோடு நிற்கவில்லை. கட்டில் வரை போயிருக்கிறது.

அந்த மாணவியை நினைத்து எனக்குப் பிரமிப்பு உண்டானது. நான் அவமானப்படுத்திய பிள்ளை. வாயை அடைத்த பிள்ளை. வேறு யாராக இருந்தாலும் எனக்கென்ன என்று போயிருப்பார்கள். நானாக இருந்திருந்தால் போயிருப்பேன். அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறாள். என்னிடம் முடியவில்லை, பி.ஜி.யிடம் போனாள். அங்கே முடியவில்லை, நோயாளிக்கே பேசக் கற்றுக்கொடுத்தாள். பத்து விநாடி கதவு திறந்தது, அதிலும் நுழைந்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு சனிக்கிழமை வந்தது. அவள் சொன்னதுதான். அன்று ரவுண்ட்ஸ் முடிந்ததும் எல்லோரையும் வார்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன வகுப்பறைக்கு அழைத்தேன். மாணவர்கள், பி.ஜி., நர்ஸ், என் தோழியையும் வரச் சொல்லியிருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தவறு என்றேன். அந்த மாணவியின் பக்கம் திரும்பி, உன் பேச்சைக் கேலி செய்ததற்கும், திங்கட்கிழமை உன்னைத் தடுத்ததற்கும் என்னை மன்னித்துக்கொள் என்றேன்.

அவள் அழுவாள், அல்லது 'பரவாயில்ல மேடம்' என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது தப்பா இருந்திருந்தா?"

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றேன்.

"நான் சொன்னது சரியாப் போச்சு. அதனால இன்னைக்கு எல்லாரும் கேக்கீங்க. அந்தப் பொருக்கு வேற எதோவா இருந்திருந்தா, அன்னைக்கு எனக்கு என்ன கிடைச்சிருக்கும் மேடம்? இவங்க எல்லாருக்கும் அதுதான் தெரியணும்" என்று மற்ற மாணவர்களைக் காட்டினாள்.

என் தோழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் பயிற்சியிலும் அவ்வளவு கூர்மையான கேள்வியை யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண், நான் கேட்ட மன்னிப்பைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அதை அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியல. ஆனா இனிமே நான் என்ன செய்யுதேன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். அதைவிட நேர்மையான பதில் என்னிடம் இருக்கவில்லை.

ரப்பர் தோட்டத்துப் பெண் பத்து நாளில் வீட்டுக்குப் போனார். கணவர் கவரிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே வைத்து, மனைவி கால் நுழைத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, ஒரு மாணவன் ரவுண்ட்ஸில் கையைத் தூக்கினான். நான் எழுதிய மருந்தின் அளவு தவறு என்றான். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அளவு சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இருந்தாலும் நிறுத்தினேன். புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன், எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். நான் எழுதியதுதான் சரி. "நீ பாத்துச் சொன்னது நல்லது. நாளைக்கும் பாரு" என்று அவனிடம் சொன்னேன். என் குரலிலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு புதிதாக இருந்தது. கண்ணாடிப் பெண் இப்போது முதல் வரிசையில் நின்றாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பரீட்சை எழுதிய பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகிறவரைப் போல, ஒருமுறை தலையை அசைத்தாள். நான் வாங்கிய எந்தப் பட்டத்துக்கும் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

அவள் இப்போது டாக்டர். எந்த ஊரில் வேலை என்று சொல்ல மாட்டேன். எங்கே இருந்தாலும், நோயாளி சொல்வதை அவரவர் பேச்சிலேயே கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் இன்னும் முழுசாக மாறிவிடவில்லை. சில நாள் பழைய குரல் வந்துவிடுகிறது, வந்த பிறகு திரும்பிப் போய் வருத்தம் சொல்லிவிட்டு வருகிறேன். அந்த ரப்பர் தோட்டத்துப் பெண் செத்திருந்தால் டெங்குவில் போய்விட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஒரு குறையும் இல்லாத டாக்டராகவே ஓய்வும் பெற்றிருப்பேன் என்ற நினைப்புதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. நான் கேட்காததால் எனக்குத் தெரியாமலே போனவை இத்தனை வருடத்தில் இன்னும் எத்தனையோ என்று யோசிக்கும்போது, வாயைத் திறந்து எனக்கு ஒரு சொல் சொல்கிற ஒவ்வொரு மனிதரும் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.